டிரில்லிங் மிஷின் பேட்டரியில் சைக்கிள் ஓடுமா?

ஓடும், ஆனால் நெடுந்தூரம் அல்ல. 18 வோல்ட் பேட்டரிக்குள் ஐந்து லித்தியம் செல்கள் தொடராக இருக்கின்றன. முழு சார்ஜில் 21 வோல்ட். இப்படி இரண்டைத் தொடராக இணைத்தால் 42 வோல்ட். 36 வோல்ட் மின்சைக்கிளின் சொந்த பேட்டரியும் முழு சார்ஜில் அவ்வளவுதான் காட்டும் என்பதால் மோட்டாருக்கு வித்தியாசமே தெரியாது. தூரத்தில்தான் தெரியும். 5 ஆம்பியர்-மணி பேட்டரிகள் இரண்டும் சேர்ந்து 180 வாட்-மணி. பெடலும் மிதித்தால் சமதளத்தில் சுமார் 15 கி.மீ. போகலாம்.

துளையிடும்போது சைக்கிளுக்கு வேண்டியதைவிட அதிக மின்னோட்டம் தருகிறதே, பிறகென்ன பயம் என்பார்கள். தருகிறது, சில நொடிகளுக்கு. மேட்டில் சைக்கிள் நிமிடக்கணக்கில் இழுக்கும். மூடிய பெட்டிக்குள் செல்கள் சூடேறும். அதைவிடப் பெரிய சிக்கல் வேறு: பல பிராண்டுகளில், சார்ஜ் குறைந்ததும் ஓட்டத்தை நிறுத்துவது கருவிதான், பேட்டரி அல்ல. வெறும் அடாப்டரில் மாட்டினால் அந்தக் காவல் இல்லை. சைக்கிளின் கன்ட்ரோலரோ மொத்த வோல்ட்டை மட்டுமே பார்க்கும். இரண்டில் நலிந்தது அளவுக்கு மீறி வடிந்தாலும் அதற்குத் தெரியாது. ஆகவே ஒரே மாடல், ஒரே வயது பேட்டரிகளை முழு சார்ஜில் மாட்டுங்கள். ஃபியூஸ் கட்டாயம். ஒவ்வொன்றுக்கும் தனி வோல்ட் மீட்டர் வைத்து, ஏதாவதொன்று 15 வோல்ட்டைத் தொட்டதும் மோட்டாரை நிறுத்துங்கள். சார்ஜ் ஏற்றுவது, கழற்றி அதனதன் சொந்த சார்ஜரில் மட்டுமே. செலவு மிச்சம் என்ற வாதம், கருவிகளை ஏற்கெனவே வைத்திருக்கும் தச்சருக்கும் எலக்ட்ரீஷியனுக்கும் பொருந்தும். புதிதாக வாங்குபவருக்கு வாட்-மணிக் கணக்கில் சைக்கிள் பேட்டரியே பெரும்பாலும் மலிவு.