படிப்பும் கடைப் பயிற்சியும்

அன்புச் சகோதர வணிகர்களே!

நம் பெருமானார் (ஸல்) அவர்கள் 12 வயதில் பெரிய தந்தை அபூதாலிபுடன் ஷாம் தேசத்து வணிகக் குழுவில் சென்றார்கள். 25 வயதில் கதீஜா (ரலி) அம்மையாரின் சரக்குக்குப் பொறுப்பேற்றார்கள் என்பது சரித்திரம். முதலில் உடன் செல்வது, பின்னர் பொறுப்பேற்பது. தொழில் கற்கும் முறை இதுவே.

இன்று சிங்கப்பூரின் 5 பலதுறைத் தொழிற்கல்லூரிகளிலும் மாணவர்கள் படிக்கும்போதே நிறுவனங்களில் பயிற்சி பெறுகின்றனர். கையில் சான்றிதழ் இருந்தும் அனுபவம் இல்லையென்று திருப்பி அனுப்பப்படும் நம் பிள்ளைகளுக்கு இது பெருந்துணை. நம் கடைகளும் அவர்களை ஏற்கலாமே!

தேநீர் வாங்கிவர மட்டும் ஏவாமல், கொள்முதல், சரக்கிருப்பு, வரவு செலவுக் கணக்கு ஆகியவற்றைப் பழக்குவோம். நியாயமான படியும் கொடுப்போம். முடிவில், செய்த வேலையை விவரித்து நற்சான்று எழுதித் தருவோம். வேலை தேடிச் செல்லுமிடத்தில் அக்கடிதமே அவர்களுக்காகப் பேசும்.

வல்ல அல்லாஹ் அருள் புரிவானாக! ஆமீன்.