ஈஸ்ட் ஏன் இறக்கிறது?

ரொட்டி மாவை உப்பச் செய்யும் ஈஸ்ட், ஒரே செல்லாலான பூஞ்சை. அதன் குறுக்களவு ஏறத்தாழ 5 மைக்ரோமீட்டர். 200 செல்களை வரிசையாக வைத்தால்தான் ஒரு மில்லிமீட்டர் ஆகும். இச்சிற்றுயிரினுள் தன்னையே அழித்துக்கொள்ளும் ஏற்பாடு ஒன்று அமைந்துள்ளது.

பலசெல் உயிர்களில் இது வியப்பன்று. தலைப்பிரட்டையின் வால் மறைவதும், கருவிலுள்ள குழந்தையின் விரலிடைச் சவ்வு நீங்குவதும் செல்கள் ஒழுங்குடன் இறப்பதாலேயே. சில செல்கள் மறைய, உடல் வாழ்கிறது. ஈஸ்டுக்கோ செல்லே உடல். அது இறந்தால் பயன்பெற யார் எஞ்சியிருப்பர்? ஆதலின் ஒருசெல் உயிரில் இத்தகைய இறப்பைப் பலர் எதிர்பார்க்கவில்லை. ஆயினும் 1997ஆம் ஆண்டில் பிராங்க் மேடியோ முதலிய ஆய்வாளர்கள், இறக்கும் ஈஸ்ட் செல்களில் டி.என்.ஏ. துண்டாவதைக் கண்டனர். விலங்குச் செல்களின் ஒழுங்கான இறப்பிற்குரிய அடையாளம் அது. 2002இல் அவ்விறப்பிற்குத் துணைபுரியும் புரதம் ஒன்றும் ஈஸ்டில் அறியப்பட்டது.

ஈஸ்ட் தனித்து வாழ்வதன்று என்பதே புதிருக்கு விடையாகக் கூறப்படுகிறது. தாய்ச்செல்லில் மொட்டாக அரும்பிப் பிரியும் சேய்ச்செல், தாயின் மரபணுக்களையே கொண்டது. இவ்வாறு பெருகிய திரளில் அனைத்தும் உறவுகளே. உணவு அருகும்போது எல்லாச் செல்களும் போட்டியிட்டால் எல்லாமே மடியக்கூடும். முதிர்ந்து பழுதுற்றவை முந்தி இறப்பின், அவற்றிலிருந்து கசியும் சத்துகள் ஏனையவற்றிற்கு உணவாகும். ஆய்வுக்கூடத்தில் வளர்ந்த திரள்களில் நடுப்பகுதிச் செல்கள் இறக்க, விளிம்புச் செல்கள் தொடர்ந்து வளர்வதை ஆய்வாளர் கண்டுள்ளனர். இறந்த செல்லின் மரபணுக்கள் அவ்வுறவுகளின் வழியே நிலைபெறுகின்றன.

இதனை ஏற்காதவரும் உளர். உறவற்ற செல்கள் கலந்து வாழுமிடத்தில், இறக்க மறுக்கும் செல் பிறர் விட்டுச்சென்ற உணவை உண்டு பெருகிவிடுமன்றோ என அவர்கள் வினவுகின்றனர். மேலும், மேற்கூறிய புரதம் செல்லினுள் திரளும் பழுதான புரதங்களை அகற்றவும் உதவுகிறது. அவ்வாறாயின் உயிர்காத்தலே அதன் முதற்பணியாகவும், இறப்பு அதன் பக்கவிளைவாகவும் இருக்கலாம். இதனைத் 'தியாகம்' என்பதும் உவமையே. செல்லுக்கு எண்ணம் இல்லை.

சொற்பொருள்
அருகுதல் – குறைதல். திரள் – கூட்டம். ஏனைய – மற்ற. உளர் – இருக்கின்றனர்

விடை எழுதுக
1. "ஈஸ்டுக்கோ செல்லே உடல்" – இத்தொடர் எழுப்பும் புதிர் யாது?
2. உறவுச்செல்கள் மட்டும் வாழும் திரளுக்கும், பிற செல்கள் கலந்த திரளுக்கும் இடையே இறப்பின் பயன் எவ்வாறு வேறுபடும்?
3. பிரித்து எழுதுக: இச்சிற்றுயிர், அவ்விறப்பு, தாய்ச்செல்.