சைரன் கேட்டால் வழிவிடுவோம்

தாயில்பட்டி போன்ற பட்டாசுத் தொழில் ஊர்களில் தீயணைப்பு வண்டியின் ஒலி குழந்தைகளுக்குப் புதிதல்ல. 2012 செப்டம்பர் 5, ஆசிரியர் தினத்தன்று, சிவகாசி அருகே முதலிப்பட்டி ஆலை வெடிவிபத்தில், உதவச் சென்றவர்களும் வேடிக்கை பார்த்தவர்களும்கூட உயிரிழந்தனர். எனவே இரண்டு பழக்கங்களைக் கற்பிப்போம்: வண்டிக்கு வழிவிடுவது, அதன் பின்னால் ஓடாதிருப்பது.

செயல்பாடு: மைதானத்தில் சுண்ணாம்புத் தூளால் சாலை வரையுங்கள். சிலர் பேருந்து, ஆட்டோ, பைக், ஒருவர் 108. ஒதுங்காமல் ஒருமுறை, இடப்புறம் ஒதுங்கி ஒருமுறை, 108 கடக்கும் நேரத்தைக் குறியுங்கள். வேறுபாட்டை மாணவர்களே சொல்லட்டும்.

உயர் வகுப்புகளுக்கு: மோட்டார் வாகனச் சட்டம் 194இ பிரிவின்படி, வழிவிடாதவருக்கு 6 மாதம் வரை சிறை அல்லது 10,000 ரூபாய் அபராதம் அல்லது இரண்டும் உண்டு.

மதிப்பீடு: வீட்டில் வண்டி ஓட்டுபவரிடம் இதை எப்படிச் சொன்னார்கள் என்று மறுநாள் கேளுங்கள்.