ஆதன் என்றே இருக்கட்டும்

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மாமா எழுதுவது. பேரனுக்கு ஆதன் என்று பெயர் வைக்க இருந்தீர்களாம். அகராதியில் ‘அறிவில்லாதவன்’ என்று இருப்பதை யாரோ காட்டியதும் இப்போது தயங்குகிறீர்கள் என்று அக்கா சொன்னாள். தயங்க வேண்டாம்.

அகராதி சொல்வது பொய்யில்லை. ஆனால் அதே அகராதி உயிர் என்றும் பொருள் சொல்கிறது. ‘ஆதர்’ என்றால் அறிவிலார் என்பது பிற்கால வழக்கு. பெயர் அதைவிட மூத்தது. கீழடியில் கிடைத்த பானை ஓடுகளில் ‘ஆதன்’ என்றும் ‘குவிரன் ஆதன்’ என்றும் கீறியிருக்கிறார்கள். தன் பானையில் தன் பேரைக் கீறி வைத்தவன் அதை வசவாகவா நினைத்திருப்பான்?

சேர மன்னர்களைப் பார். நெடுஞ்சேரலாதன், கபிலர் பாடிய செல்வக் கடுங்கோ வாழியாதன் என்று அந்தக் குடியே இந்தப் பெயரைச் சுமந்தது. ஒருநாள் கரூர் பக்கம் புகளூர் ஆறுநாட்டார் மலைக்குப் போய்வா. செங்காயபன் என்ற சமணத் துறவிக்குக் கல்லில் படுக்கை வெட்டிக் கொடுத்ததைத் தமிழ் பிராமி எழுத்தில் பொறித்திருக்கிறார்கள். கோ ஆதன் செல்லிரும்பொறை, அவன் மகன் பெருங்கடுங்கோன், அவன் மகன் இளங்கடுங்கோ என்று மூன்று தலைமுறை அங்கே இருக்கிறது. தாத்தா பெயரிலிருந்து தொடங்குகிறது பார், எனக்கு அது மிகவும் பிடிக்கும்.

அரசர்கள் மட்டும் வைத்துக்கொண்ட பெயரும் இல்லை. ஆதனுக்குத் தந்தை ‘ஆந்தை’ ஆவான் என்று தொல்காப்பியம் விதியே சொல்கிறது. ஒரு பெயருக்குத் தனி விதி வேண்டுமென்றால் ஊரில் எத்தனை ஆதன்கள் இருந்திருக்க வேண்டும்! முகம் பார்க்காமலே கோப்பெருஞ்சோழனோடு நட்புக் கொண்டு, அவனுக்காக வடக்கிருந்து உயிர்விட்டாரே பிசிராந்தையார், அந்தப் பெயருக்குள்ளும் ஓர் ஆதன் இருக்கிறான். பிள்ளைக்கு இந்தப் பெயரை வைத்தால் நீயும் ஆந்தைதான். பறவைக்கும் அதற்கும் சம்பந்தமில்லை.

எண்கணிதம் பார்த்து எழுத்தைக் கூட்டிக் குறைக்கச் சொல்வார்கள், கேட்காதே. ஆங்கிலத்தில் எழுதும்போது மட்டும் முதலில் இரண்டு ‘ஏ’ போடு. ஒன்றோடு விட்டால் பள்ளியில் ‘அத்தான்’ என்று வாசிப்பார்கள், பிள்ளை நொந்துபோகும். பிறப்புச் சான்றிதழில் ஒரு வருஷத்துக்குள் பெயர் சேர்த்தால் கட்டணமில்லை. இந்த மாதமே போய்ப் பதிந்துவிடு. தமிழில் மூன்று சுழி ‘ண’ போட்டுவிடாமல் பக்கத்தில் நின்று பார்த்துக்கொள்.

அன்புடன்,
மாமா