பனைமேல் ஆல் நட்ட பறவை

பனையின் மட்டையிடுக்கில் ஆலங்கன்று தழைத்து நிற்பதைப் பளையிலே காண்கின்றோம். அதனை அங்கு நட்டவர் யார்? ஆலம்பழம் உண்ட பறவையே எச்சத்தோடு வித்தையும் இட்டது. இடுக்கிற் சேர்ந்த மட்கும் ஈரமும் அதனை முளைப்பித்தன.

பழந்தின்னும் பறவைகள் யாவும் இப்பணியைச் செய்வனவல்ல. கிளி வித்தையும் கடித்துடைக்கும். பச்சைப்புறாவின் இரைப்பை அதனை அரைத்துவிடும். குக்குறுவானோ சதையைச் செரித்து, வித்தைப் பழுதின்றி வெளிப்படுத்தும்.

செம்மார்புக் குக்குறுவான் சிட்டுக்குருவியினும் சற்றுப் பெரியது. பச்சை மேனியும் செந்நெற்றியும் மஞ்சட் கழுத்தும் உடையது. இலைகளிடையே மறைந்திருப்பினும், கன்னான் செம்பைத் தட்டினாற் போன்ற அதன் இடையறாத ஒலி அதனைக் காட்டிக்கொடுக்கும். பட்ட கொம்பைத் தன் தடித்த அலகாற் குடைந்து கூடமைக்கும். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாக்கும்.

பொருநராற்றுப்படையிலே, கரிகாலன் வாயில் புக்க பொருநன் தன்னைப் பழுமரம் நினைந்து சென்ற பறவைக்கு ஒப்பிடுகின்றான். அங்கே மரம் வள்ளல், பறவை இரவலன். ஆயின், தான் உண்ட மரத்தின் வழித்தோன்றலை வேற்றிடத்தில் விதைக்கும் இப்பறவை, பெற்றதைத் திருப்பிக் கொடுக்கும் இரவலன் அன்றோ?

2009ஆம் ஆண்டில் முடிவுற்ற போரிலே பளையின் தென்னையும் பனையும் பெருமளவில் அழிந்தன. இன்று மரம் நடுகின்ற நாம் பட்ட கொம்புகளையெல்லாம் விறகென்று தறிக்கின்றோம். மாணவர்காள்! எவர்க்கும் இடையூறு செய்யாத கொம்பொன்றை விட்டுவையுங்கள். கூலி வேண்டாத தோட்டக்காரனுக்கு அதுவே குடில்.