இலண்டன் உருவ ஓவியக்கூடம்

இலண்டன் மாநகரில், டிரபால்கர் சதுக்கத்தை அடுத்துத் தேசிய உருவ ஓவியக்கூடம் அமைந்துள்ளது. நாட்டு வரலாற்றில் இடம்பெற்றோரின் உருவங்களை ஓரிடத்தே தொகுத்தல் வேண்டும் என ஸ்டான்ஹோப் பிரபு பத்தாண்டுகள் முயன்றார். அதன் பயனாக, 1856 ஆம் ஆண்டில் அது தோன்றியது. இப்பொழுதுள்ள கட்டடம் திறக்கப்பெற்றது 1896 இல்.

ஏனைய ஓவியக்கூடங்களில் ஓவியனின் கைத்திறமே முதன்மை பெறும். இங்கோ, எழுதப்பெற்றவர் யார் என்பதே கேள்வி. கட்சியும் சமயமும் நோக்கலாகாது, பெரும்பிழை செய்தாரையும் அதுபற்றி விலக்கலாகாது என்று தொடக்கத்திலேயே விதி வகுத்தனர். நேரிய விதி! வரலாறு நல்லோரால் மட்டும் ஆயதன்று.

இளமையில் பாடநூல்களிலே இம்முகங்களைக் கண்டு பழகியவர், வளர்ந்தபின் இக்கூடத்துள் புகுந்தால் திகைப்பர். நூலில் எல்லா முகங்களும் ஏறத்தாழ ஓரளவின. இங்கே, ஹோல்பைன் வரைந்த எட்டாம் ஹென்றி மன்னரின் உருவம், பல தாள்களை ஒட்டி இரண்டரை மீட்டர் உயரத்தில் அச்சுறுத்தி நிற்கின்றது. ஜேன் ஆஸ்டின் என்னும் நாவலாசிரியையின் படமோ உள்ளங்கையில் அடங்கும். அவர் தமக்கை கசாண்ட்ரா 1810 ஆம் ஆண்டளவில் பென்சிலாலும் நீர்வண்ணத்தாலும் தீட்டியது அது. கைகளைக் கட்டிக்கொண்டு, சற்றே சினந்தவர் போல் அம்மையார் காணப்படுகின்றார். 1870 இல் வெளிவந்த வாழ்க்கை வரலாற்று நூலுக்காக இம்முகத்தை மென்மையாக்கி வரைந்தனர். அவ்வினிய முகமே பின்னர் நூல்தோறும் பரவிற்று. தமக்கை கண்ட முகம் இதுவே.

பிராண்டி சகோதரியர் மூவரின் படத்தின்முன் வளர்ந்தோர் நெடுநேரம் நிற்றல் கூடும். 1834 ஆம் ஆண்டளவில் அதனை எழுதியவர், அவர்தம் உடன்பிறந்தான் பிரான்வெல். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழப் பதினேழு. அவர் பெரும் ஓவியராவார் என்று குடும்பத்தார் நம்பியிருந்தனர். ஆயின், 1847 இல் நாவல்களை வெளியிட்டவர்கள் ஷார்லட், எமிலி, ஆன் என்னும் மூன்று பெண்களே. குடியால் நலிந்த பிரான்வெல் மறு ஆண்டே, 31 ஆம் வயதில் இறந்தார். அவ்வாண்டின் இறுதியில் எமிலியும், 1849 இல் ஆனும் மறைந்தனர். படமும் மறைந்தது என்றே கருதினர். ஷார்லட்டின் கணவர் பின்னர் மணந்த அம்மையார், 1914 இல், அலமாரியின் மேல் அது மடித்துக் கிடக்கக் கண்டார். மடிப்பின் தழும்புகளை இன்றும் சீலையில் காணலாம். அவற்றை மறைக்க ஒருவரும் முயலாமை நன்று.

சகோதரியரிடையே ஒரு தூண் எழுதப்பெற்றுள்ளது. முதலில் அவ்விடத்தே ஓர் ஆண்மகன் இருந்தான், பெரும்பாலும் பிரான்வெல்லே. தம்மைத் தாமே தூணால் மூடினார். காரணத்தை அவர் எழுதி வைக்கவில்லை. ஆண்டுகள் செல்லச் செல்ல மேற்பூச்சு மெலிந்தது. தூணின் ஊடே அவ்வுருவம், தலையும் தோளுமாய், மங்கலாக இப்போது தெரிகின்றது.