கைக்கேற்ற பிடி

நுழையும்முன்

கத்தி வாங்கச் செல்வோர் பெரும்பாலும் அலகின் பளபளப்பையும் கூர்மையையுமே நோக்குவர். பிடியை நோக்குவோர் சிலரே. அலகு தொடுவது காய்கறியை. பிடி தொடுவதோ மனிதரின் கையை. விடுதிச் சமையற்கூடத்திலும் மீன் அங்காடியிலும் நாள் முழுதும் கத்தியோடு உழைப்போரின் கையைக் காப்பதும் வருத்துவதும் பிடியின் வடிவமே. அவ்வடிவத்திற்கும் கைக்கும் உள்ள உறவை இப்பாடம் விளக்குகிறது.

இருவகைப் பற்றுதல்

மனிதக் கை பொருள்களைப் பற்றும் முறையை ஆராய்ந்த ஆங்கிலேய அறிஞர் ஜான் நேப்பியர், 1956ஆம் ஆண்டில் அதனை இரண்டாக வகுத்துக் காட்டினார். விரல்கள் மடங்கி உள்ளங்கையோடு சேர்த்துப் பொருளை இறுக்குவது ஆற்றல் பிடி. பெருவிரலும் பிற விரல்களின் நுனிகளும் சேர்ந்து பொருளைத் தாங்குவது நுட்பப் பிடி. சுத்தியலை ஓங்குகையில் முன்னதும், எழுதுகோலைப் பிடிக்கையில் பின்னதும் அமைகின்றன. ஒரு கருவியை எப்படிப் பற்றவேண்டும் என்பதை அதன் உருவம் மட்டுமன்று, செய்யும் வேலையும் முடிவு செய்கிறது.

கத்தி இவ்விருவகைக்கும் இடம் தரும் கருவியாகும். பூசணிக்காயைப் பிளப்பவர் பிடியை முழுக்கையால் இறுக்குகிறார். வெங்காயத்தைப் பொடியாக நறுக்கும் சமையற்கலைஞர் பெருவிரலாலும் சுட்டுவிரலாலும் அலகின் அடிப்பகுதியைக் கிள்ளினாற்போல் பற்றி, எஞ்சிய மூன்று விரல்களால் மட்டுமே பிடியைத் தழுவுகிறார். அறுவை மருத்துவர் நுண்ணிய கீறலுக்குக் கத்தியை எழுதுகோலைப்போல் ஏந்துகிறார். ஆப்பிளின் தோலைச் சீவுபவரோ பெருவிரலைப் பழத்தின்மேல் ஊன்றி, அலகைத் தம்மை நோக்கி மெல்ல இழுக்கிறார்.

வடிவமும் வசதியும்

ஒரே விசை சிறிய பரப்பின்மீது செயற்பட்டால் அழுத்தம் மிகும். பெரிய பரப்பின்மீது பரவினால் அழுத்தம் குறையும். அறிவியல் பாடத்தில் கற்கும் இவ்வுண்மையே பிடியின் முதல் இலக்கணம். மெல்லிய பிடியும் கூரிய விளிம்புள்ள பிடியும் உள்ளங்கையின் சிறு பகுதியையே அழுத்துவதால் தோல் சிவந்து கொப்புளம் தோன்றுகிறது. முழுக்கையால் இறுக்கும் கருவிக்கு ஏறத்தாழ 3 முதல் 5 சென்டிமீட்டர் வரை பருமன் ஏற்றது என்பர். விரல்நுனியால் ஏந்தும் நுண்கருவிக்கோ 1 சென்டிமீட்டரை ஒட்டிய பருமனே போதும். பிடியின் நீளம் 10 சென்டிமீட்டருக்குக் குறைந்தால், அதன் முனை உள்ளங்கையின் நடுவில் குத்தும்.

அடுத்தது குறுக்குவெட்டு உருவம். முற்றிலும் உருண்டையான பிடி ஈரக்கையில் எளிதில் சுழலும். அதனைத் தடுக்க விரல்கள் மேலும் இறுக்கவேண்டியிருக்கும். நீள்வட்டப் பிடி சுழலாது. அலகு எத்திசை நோக்கியுள்ளது என்பதைக் கண்ணால் காணாமலே கை உணர்ந்துகொள்ளும். நடுவில் சற்றுப் பருத்து, இருமுனையும் ஒடுங்கிய பீப்பாய் வடிவப் பிடி சுவீடன் நாட்டு மோரா ஊரின் மரவேலைக் கத்திகளில் காணப்படுவது. மரம் சீவுவோர் பிடியைத் திருப்பித் திருப்பிப் பல கோணங்களில் பற்றுவர். எக்கோணத்திலும் அது உள்ளங்கையின் குழிவை நிரப்புகிறது.

விரல்களுக்குத் தனித்தனிப் பள்ளம் செதுக்கிய பிடி பார்வைக்கு மிக வசதியானதாகத் தோன்றும். ஆயினும் அப்பள்ளங்கள் ஒருவகைக் கை அளவுக்கும் ஒரே பற்றுமுறைக்கும் மட்டுமே பொருந்தும். சிறிய கையினர் பற்றினால் மேடுகள் விரலின் அடியில் உறுத்தும். பற்றுமுறையை மாற்றினால் பெரிய கையினருக்கும் அதே துன்பம் நேரும். ஆதலின், பல வேலைகளுக்கும் பலருக்கும் பயன்படவேண்டிய கத்திக்கு எளிய, மழமழப்பான வளைவே சிறந்தது.

மணிக்கட்டின் நிலையும் கருதத்தக்கது. மணிக்கட்டு நேராக இருக்கும்போது கையின் இறுக்கும் வலிமை மிகுதி. வளையும்போது அது குறைகிறது. வளைந்த நிலையில் பலமுறை உழைத்தால் மணிக்கட்டின் வழியே செல்லும் நரம்பு நெருக்குண்டு, விரல்கள் மரத்துப்போகவும் கூடும். எனவே வளையவேண்டியது கருவியே அன்றி மணிக்கட்டன்று என்பது வடிவமைப்போர் போற்றும் நெறி.

எல்லோர் கைக்கும்

ஜப்பானியச் சமையற்கத்திகள் சிலவற்றின் மரப்பிடியில் ஒரு பக்கம் மட்டும் சிறு முகடு இருக்கும். அது வலக்கை விரல்களின் மடிப்பில் இனிதாகப் பொருந்தும். இடக்கைப் பழக்கம் உடையவருக்கோ உறுத்தும். எண்கோணப் பிடி இருகைக்கும் பொதுவானது. ஒருவருக்கு வசதியாவது மற்றொருவருக்கு இடையூறாகலாம் என்பதற்கு இது சான்று.

அமெரிக்கரான சாம் பார்பர், மூட்டுவாதத்தால் துன்புற்ற தம் மனைவி சாதாரணத் தோல்சீவியைப் பிடிக்க இயலாது வருந்தியதைக் கண்டார். வடிவமைப்பாளர்களின் துணையோடு, பருத்த, மென்மையான, நீள்வட்டப் பிடியுடைய சமையற்கருவிகளை 1990ஆம் ஆண்டில் 'ஆக்சோ' என்னும் பெயரில் விற்பனைக்குக் கொணர்ந்தார். வலுவிழந்த கைக்கென எண்ணிச் செய்யப்பட்ட அப்பிடி, வலுவான கைகளுக்கும் இனிதாகவே இருந்தது. மெலிந்தோரை முன்னிறுத்திச் செய்யும் பொருள் அனைவர்க்கும் பயன்படும் என்பதை உலகம் கண்டது.

பிடி இல்லாக் கத்தி

இந்தியச் சமையலறைகளில் பிடியே இல்லாத கத்தியும் உண்டு. தமிழர் அதனை அரிவாள்மனை என்பர். வங்காளத்தில் அது பொண்டி, ஒடிசாவில் பனிக்கி, மராட்டியத்தில் விளி. பலகையையோ அடித்தட்டையோ காலால் அழுத்திக்கொள்ள, நிமிர்ந்த அலகு அசையாது நிற்கும். இருகையும் காயைப் பற்றி அலகின்மீது செலுத்தும். கத்தியை இறுக்கும் சுமை கையை விட்டு நீங்குகிறது. ஆனால் தரையில் குந்தவேண்டியிருப்பதால், அச்சுமை முழங்காலுக்கும் முதுகுக்கும் மாறுகிறது. உழைப்பின் பாரம் மறைவதில்லை. எவ்வுறுப்பு அதனைத் தாங்குவது என்பதையே கருவி முடிவு செய்கிறது. இதனை உணர்ந்து கருவியைத் தேர்வது, உழைக்கும் உடலுக்குச் செய்யும் மரியாதையாகும்.

சொல்லும் பொருளும்

அலகு – கத்தியின் வெட்டும் பகுதி
முகடு – உயர்ந்த விளிம்பு
இடையூறு – தடை, துன்பம்
நெறி – வழிமுறை

மொழிப்பயிற்சி

கை, தீ, பூ போன்ற ஓரெழுத்துச் சொற்களின் முன் வல்லினம் மிகும்.
எ.கா. கை + பிடி = கைப்பிடி
சேர்த்து எழுதுக: தீ + பெட்டி, பூ + கூடை, கை + குட்டை.

வினாக்கள்

1. ஆற்றல் பிடி, நுட்பப் பிடி ஆகியவற்றை வேறுபடுத்துக.
2. விரற்பள்ளம் உள்ள பிடி எல்லோருக்கும் பொருந்தாதது ஏன்?
3. அரிவாள்மனையால் விளையும் நன்மை ஒன்றும் குறை ஒன்றும் கூறுக.
4. 'மெலிந்தோரை முன்னிறுத்திச் செய்யும் பொருள் அனைவர்க்கும் பயன்படும்' – உம் பள்ளியிலிருந்து ஒரு சான்று தந்து விளக்குக.

செயல்பாடு

உம் வீட்டில் உள்ள கரண்டி, துடைப்பம், வாளி ஆகியவற்றின் பிடிகளைப் பற்றிப் பார்த்து, அவற்றை நாள்தோறும் கையாள்பவரிடம் எது கைக்கு வலி தருகிறது எனக் கேட்டு, ஐந்து தொடர்களில் எழுதுக. கத்தியைப் பெரியோர் துணையின்றித் தொடாதீர்.